மடியில் கனம்

மகேந்திரவர்மனின் மத்தவிலாசப் பிரகசனத்தில் கபாலி சத்தியசோமன் தன் மண்டையோட்டுக் கலம் தொலைந்துவிட்டது என்று கண்ட கணமே சரியான விடையைச் சொல்லிவிடுகிறான். கலத்தில் சுட்ட இறைச்சி இருந்தது, ஆகவே எடுத்தது ஒரு நாயாக இருக்க வேண்டும், இல்லையேல் ஒரு புத்த பிக்குவாக இருக்க வேண்டும் என்கிறான். எடுத்தது நாய்தான். ஆனால் சொன்ன மாத்திரத்தில் நாயை மறந்துவிட்டு, காஞ்சித் தெருக்களில் பிக்குவைத் தேடிப் புறப்படுகிறான். நாடகத்தின் எஞ்சிய பகுதி முழுவதும் அந்த மறதியின் மேல் ஓடுகிறது.

நிகலாய் கோகலின் 'ரெவிஸோர்' நாடகத்தில், அதாவது அரசு ஆய்வாளர் என்ற பெயரில் நாம் அறிந்த அந்த நகைச்சுவையில், இளைஞன் ஹ்லெஸ்தகோவும் தொடக்கத்திலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறான். கையில் காசில்லை, சராத்தவ் மாகாணத்திலுள்ள சொந்த ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், இத்தனை நாள் ஆகியும் பதவி உயர்வு வாங்கவில்லை என்று அப்பாவுக்குக் கோபம் என்கிறான். அத்தனையும் மெய். நகர அதிகாரியோ, ஆள் எப்படிக் கூசாமல் புளுகுகிறான் பார், வயதான தகப்பனைக்கூட இழுத்துக்கொள்கிறானே என்று மனத்துக்குள் வியக்கிறார். உண்மையை உண்மையாகவே சொல்லி ஒருவன் ஆய்வாளர் ஆகிவிடுகிறான்.

இரண்டு நாடகங்களுக்கும் இடையே ஏறத்தாழ 1,200 ஆண்டுகள். ஒன்று 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பல்லவ மன்னன் வடமொழியிலும் பிராகிருதங்களிலும் எழுதிய ஓரங்க நாடகம். மற்றது 1836இல் பீட்டர்ஸ்பர்க் அலெக்சாந்திரின்ஸ்கி அரங்கில் ஏறிய ஐந்தங்க ரஷ்ய நாடகம். முன்னதைப் பின்னவர் படித்திருக்க வழியே இல்லை. 1917இல் திருவனந்தபுரத்தில் த. கணபதி சாஸ்திரி பதிப்பிக்கும்வரை அது ஓலைச்சுவடியில் கிடந்தது, கோகலோ 1852இலேயே இறந்துவிட்டார். கடன் வாங்கல், தாக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியிருந்தும் இரண்டும் ஒரே பழமொழியை இரண்டு ஊர்களில் நடித்துக் காட்டுகின்றன என்பது என் எண்ணம். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம்.

நாகசேன பிக்குவின் மடியில் இருப்பது கலம். அந்தக் கலத்தில் இருப்பது தனதாசன் என்ற வணிகன் வீட்டில் கிடைத்த மீனும் இறைச்சியும். அதைச் சீவரத்துக்குள் மறைத்துக்கொண்டு விகாரத்துக்கு விரைகிறான். எதிரே குடித்துவிட்டு நிற்கும் கபாலியையும் அவன் துணைவி தேவசோமையையும் கண்டதும் நடையை இன்னும் எட்டிப் போடுகிறான். கபாலிக்கு வேறு சான்று வேண்டியதில்லை. நம்மைக் கண்டு ஓடுகிறவன் நம்முடையதை எடுத்தவன். மறைப்பதற்காகத்தான் உங்கள் ஆசான் இவ்வளவு துணியை உடுத்தச் சொன்னாரோ என்று கேட்கிறான். பிக்கு அதை 'சத்தியம்' என்று ஒப்புக்கொள்ள, அது சம்விருதி சத்தியம், எனக்குப் பரமார்த்த சத்தியம் வேண்டும் என்கிறான் கபாலி. பௌத்தத் தருக்கத்தில் உலகியல் உண்மைக்குப் பெயர் சம்விருதி. அகராதியில் அதே சொல்லுக்குப் போர்த்தி மூடுதல் என்றும் பொருள். ஒரு மதத்தின் மெய்யியல் முழுவதையும் ஒரு துணி மடிப்புக்குள் திணித்துவிடுகிறது இந்தச் சிலேடை. பகடி செய்கிறவனுக்கு எதிரியின் நூல்களில் நல்ல பயிற்சி இருந்தால்தான் இது வாய்க்கும்.

நகர அதிகாரியின் மடியிலோ ஒரு நகரமே இருக்கிறது. கட்டுவதற்குப் பணம் ஒதுக்கி ஐந்தாண்டுகள் ஆகியும் தொடங்காத தேவாலயம் இருக்கிறது. கட்டத் தொடங்கியபோது எரிந்துபோனது என்று சொல்லிவிடுங்கள் என்கிறார். அவர் கசையடி கொடுத்த ஒரு விதவை இருக்கிறாள். அவள் தன்னைத்தானே அடித்துக்கொண்டாள் என்கிறார். முந்தைய இரவு வழக்கத்துக்கு மாறான பருமனில் இரண்டு எலிகள் கனவில் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன. ஆய்வாளர் மாறுவேடத்தில் வருவார் என்று ஒரு கடிதம் வந்த பிறகு, விடுதியில் எவன் கடன் சொல்லிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அவர்தான் ஆய்வாளர்.

அந்தக் கடிதம் வந்ததும் நடக்கும் ஏற்பாடுகளைத் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலோ அலுவலகத்திலோ நாள் கழித்த எவரும் சிரிக்காமல் படிக்க முடியாது. நீதிமன்ற முன்கூடத்தில் காவலாட்கள் வளர்க்கும் வாத்துகள் குஞ்சுகளோடு காலடியில் திரிகின்றன, அவற்றை அப்புறப்படுத்த வேண்டும். நோயாளிகளுக்குச் சுத்தமான குல்லாய் மாட்டி, ஒவ்வொரு கட்டிலுக்கு மேலும் லத்தீனில் நோயின் பெயரை எழுத வேண்டும். நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டால் இன்னும் நல்லது. பழைய வேலியை இடித்துவிட்டு வைக்கோல் கட்டிய கம்பு ஒன்றை நட்டால் ஏதோ கட்டட வேலை நடப்பதுபோல் தெரியும். நான் படித்த பள்ளியில் இன்ஸ்பெக்ஷன் நாளன்று மட்டும் ஆய்வுக்கூட அலமாரியின் பூட்டு திறந்திருக்கும்; தொடக்கூடாது என்பது தனி உத்தரவு. அந்த அலமாரியைக் கோகல் பார்த்திருந்தால் பெயர்கூட மாற்றாமல் எடுத்துக்கொண்டிருப்பார்.

ஒப்புமை இங்கே ஒரு வினோதமான சமன்பாடாக இறுகுகிறது. நாகசேனன் மண்டையோட்டைத் திருடவில்லை. ஆனால் மறைப்பதற்கு வேறொன்று இருக்கிறது. ஹ்லெஸ்தகோவ் ஆய்வாளர் இல்லை. ஆனால் ஆய்வு செய்யப்பட வேண்டியவை ஊர் முழுக்க இருக்கின்றன. குற்றச்சாட்டு பொய், குற்றவுணர்வு மெய். அங்கதக்காரன் நேரடியாகக் குற்றம் சாட்டியிருந்தால் பாத்திரங்கள் மறுத்திருப்பார்கள். பொய்யான குற்றச்சாட்டை ஏவிவிட்டதால் அவர்களே வரிசையாக வந்து உண்மையான குற்றங்களைக் காட்டுகிறார்கள்.

குற்றஞ்சாட்டுகிறவர்களும் யோக்கியர்கள் அல்லர். கபாலிக்குப் போதையில் துணைவியின் பெயரே சோமதேவை என்று தலைகீழாகிவிடுகிறது, அவள் ஐயுறுகிறாள், பரிகாரமாக இன்றோடு மதுவை விட்டேன் என்கிறான். அவள் பதறிப்போய் அவன் காலில் விழுந்து, என் பொருட்டு உங்கள் தவத்தைக் குலைக்காதீர்கள் என்று மன்றாடுகிறாள். சமணரைப் பற்றிப் பேச நேர்ந்ததற்காக வாயைக் கள்ளால் கொப்பளிக்க வேண்டும் என்பவனும் இவன்தான். ஹ்லெஸ்தகோவின் கற்பனையும் இதற்கு இளைத்ததில்லை. விருந்தில் நாலு கோப்பை உள்ளே போனதும் எழுநூறு ரூபிள் தர்ப்பூசணியும், பாரிஸிலிருந்து கப்பலில் பாத்திரத்தோடு வந்திறங்கிய சூப்பும், தன்னைத் தேடித் தெருத்தெருவாக ஓடிய முப்பத்தைந்தாயிரம் தூதர்களும் அணிவகுக்கின்றன. இருவரையும் இயக்குவது மது. ஆனால் மதுவின் பணி வேறு வேறு. சத்தியசோமனுக்கு அது சமயம்: கள்ளுக்கடையைப் பார்த்து இதுவே வேள்விச்சாலை, கள்ளே சோமம், குடிகாரர் உளறலே வேத மந்திரம் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டே போகிறான். ஹ்லெஸ்தகோவுக்கு அது பதவி: ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு படி உயர்ந்து, மறுநாளே படைத்தலைவன் ஆகிவிடுவான் போலிருக்கிறது.

ஆனாலும் இரு நாடகங்களிலும் என்னை மிகவும் நிறுத்தி வைக்கும் இடங்கள் இவை அல்ல. தவறு செய்கிறவன் தன் தவற்றுக்குச் சட்டம் தேடும் இடங்கள்தாம் அவை.

நாகசேனன் ஒரு நெடிய ஐயத்தோடு அறிமுகமாகிறான். மாடங்களில் வாசம், கட்டிலில் துயில், முற்பகலில் உணவு, பிற்பகலில் சுவைநீர், வாசனைத் தாம்பூலம், மெல்லிய ஆடை ஆகிய இவ்வளவையும் பிக்குகளுக்கு அருளிய கருணைக்கடல், பெண்ணையும் மதுவையும் மட்டும் விலக்கியிருப்பாரா? எல்லாம் அறிந்தவர் இதை எப்படி விட்டிருக்க முடியும்? பொறாமை பிடித்த கிழட்டுத் தேரர்கள் பிடக நூல்களிலிருந்து அந்தப் பகுதியை நீக்கிவிட்டிருக்க வேண்டும். சிதைவுறாத மூலப்பாடம் எங்கேனும் கிடைக்காமல் போகாது. கிடைத்தால் முழுமையான புத்த வாக்கை உலகுக்கு வெளியிட்டுச் சங்கத்துக்கு உபகாரம் செய்யலாம். காமத்துக்குப் பாடபேத ஆராய்ச்சியின் உடையை மாட்டிய முதல் நகைச்சுவை இதுவாகத்தான் இருக்கும். மிலிந்தன் வினாக்களுக்கு விடை சொன்ன பேரறிஞரின் பெயரையே இந்தப் பிக்குவுக்கும் வைத்திருப்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

கோகலின் நீதிபதி லியாப்கின்-த்யாப்கினிடம் மூலப்பாடம் இல்லை, நாய்க்குட்டிகள் இருக்கின்றன. நான் லஞ்சம் வாங்குவதை ஒளிப்பதில்லை, ஆனால் என்ன லஞ்சம்? வேட்டைநாய்க் குட்டிகள். அது வேறு விஷயம். யாரேனும் ஐந்நூறு ரூபிள் மதிப்புள்ள உரோமத்தோல் மேலங்கி பெற்றால், மனைவிக்குச் சால்வை வந்தால், அதுவல்லவோ லஞ்சம். இதைச் சொல்லும்போது அவர் யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்பது நகர அதிகாரிக்குப் புரிகிறது. பதிலுக்கு அவர், நீ கடவுளை நம்பாதவன், நானாவது ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயம் போகிறேன் என்கிறார். பிக்கு விதியைத் திருத்தி ஆசையை அனுமதிக்கிறான். நீதிபதி சொல்லின் பொருளைத் திருத்தி லஞ்சத்தை அனுமதிக்கிறார். ஒருவனுக்குச் சாத்திரம் குறையுடையது. மற்றவருக்கு அகராதி குறையுடையது. தான் குறையுடையவன் என்று இருவருக்கும் ஒருபோதும் தோன்றவில்லை.

லஞ்சத்துக்கு வந்துவிட்டோம். இதில் இரண்டு நாடகங்களும் வெகுவாகப் பிரிகின்றன, பிரிந்து வேறொரு வழியில் சேர்கின்றன.

கோகல் லஞ்சத்தை மேடையில் எண்ணிக் காட்டுகிறார். நகர அதிகாரியிடம் கேட்டது இருநூறு, கைக்கு வந்தது நானூறு. நீதிபதி முந்நூறு, அஞ்சலக அதிகாரி முந்நூறு, பள்ளி ஆய்வாளர் முந்நூறு, தரும நிலையங்களின் பொறுப்பாளர் நானூறு. ஊர் நிலக்கிழார்களான பாப்சின்ஸ்கி, தாப்சின்ஸ்கி இருவரிடம் ஆயிரம் கேட்டால், சட்டைப்பையைத் துழாவி, உள்துணி ஓட்டைக்குள் விழுந்ததையும் தடவி, இருவருமாகச் சேர்த்து அறுபத்தைந்து தேற்றுகிறார்கள். கேட்பவன் அதைக் கடன் என்றே அழைக்கிறான். இந்தத் தொகைகளின் ஏற்ற இறக்கத்தில் ஒரு சின்ன ஊரின் பதவி அடுக்கு முழுவதும் தெரிகிறது.

மகேந்திரவர்மன் லஞ்சத்தை மேடையில் காட்டுவதே இல்லை. ஒரே ஒரு தடவை பேச்சில் வருகிறது. பிக்குவுக்கும் கபாலிக்கும் நடுவராக வந்த பாசுபத சைவத் துறவி பப்ருகல்பன், என்னால் தீர்க்க முடியவில்லை, நீதிமன்றத்துக்குப் போவோம் என்கிறான். உடனே தேவசோமை சொல்கிறாள்: அப்படியானால் மண்டையோட்டுக்கு ஒரு கும்பிடு. இவனோ பல விகாரங்களின் வருவாயைச் சேர்த்து வைத்திருப்பவன், நீதிமன்றத்தார் வாயை வேண்டியமட்டும் நிரப்புவான்; நாங்களோ பாம்புத்தோலும் திருநீறும் மட்டும் உடைய ஏழைக் கபாலியின் ஆட்கள், எங்கள் மன்றாட்டு அங்கே என்ன எடுபடும்? பாசுபதன் அப்படியில்லை என்று நீதிபதிகளின் நேர்மையைப் புகழ்ந்து ஒரு பாட்டுச் சொல்கிறான். அந்தப் புகழ்ச்சி ஒரு பாசுபதன் வாயிலிருந்து வருவதால் அதன் எடை என்ன என்பது பார்ப்பவர் முடிவு. அந்த நீதிமன்றம் காஞ்சியின் நீதிமன்றம். காஞ்சியின் அரசன் நாடகாசிரியன். தன் மன்றத்தில் காசு பேசுகிறது என்ற சொல்லைக் குடித்துவிட்டுத் தெருவில் நிற்கும் ஒரு பெண்ணின் வாயில் வைத்து, தானே எழுதிய அரசன் ஒருவன் இருந்தான். சில ஆண்டுகள் கழித்து வந்த சீனப் பயணி சுவான்சாங் 100 விகாரங்களையும் 10,000 துறவியரையும் கண்டு எழுதிய நகரம் அது. விகாரத்தின் செல்வம் என்ற பேச்சு வெறும் கற்பனையாக இருந்திருக்காது.

ரஷ்யாவில் அரசன் ஆசிரியன் அல்லன், பார்வையாளன். நாடகம் மேடையேற ஜார் முதலாம் நிகலாயின் இசைவு வேண்டியிருந்தது, கிடைத்தது. முதல் நாள் அவரே வந்து அமர்ந்தார். எல்லோருக்கும் இதில் பட்டது, எனக்குத்தான் அதிகம் பட்டது என்ற பொருளில் அவர் சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது. இரண்டு அரியணைகளும் அங்கதத்தைத் தாங்கிக்கொண்டன. இரண்டு அரியணைகளையும் அங்கதம் தொடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மத்தவிலாசத்தின் இறுதி வாழ்த்து சத்துருமல்லனுக்கு, அதாவது மகேந்திரவர்மனுக்கே. ரெவிஸோரின் இறுதியில் வரும் உண்மையான ஆய்வாளர் ஜாரின் ஆணையோடு வருகிறார். குற்றம் கீழே, நீதி மேலே என்ற அமைப்பு இரண்டிலும் குலையாமல் இருக்கிறது.

அங்கதத்தைத் தொல்காப்பியர் இரண்டாகப் பிரித்தார்: வெளிப்படையாகச் சொல்வது செம்பொருள் அங்கதம், வேறொன்றைச் சொல்வதுபோல் மறைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் எதிர்பாராத விடை கிடைக்கிறது. மதங்களைப் பெயர் சொல்லித் தாக்கும் மகேந்திரவர்மன் செம்பொருள்காரன்போல் தோன்றுகிறான். ஆனால் அவனுடைய கூரிய வரி, நீதிமன்றம் பற்றியது, பழிகரப்பாகக் குடிகாரி வாயில் ஒளிந்திருக்கிறது. ஊரின் பெயரையே சொல்லாமல் எழுதிய கோகல் பழிகரப்புக்காரர்போல் தோன்றுகிறார். ஆனால் 1842ஆம் ஆண்டுப் பதிப்பில் நகர அதிகாரியை அரங்கின் பக்கம் திருப்பி, நீங்கள் சிரிப்பது உங்களைப் பார்த்துத்தான் என்று முகத்துக்கு நேரே சொல்ல வைத்துவிட்டார். துணிச்சலில் எது மேல் என்று கேட்டால், நான் தேவசோமையின் வரியையே சொல்வேன். கோகல் தம்மைவிட வலியவரைப் பகடி செய்தார். மகேந்திரவர்மன் தன் கையையே கொஞ்சம் கிள்ளிப் பார்த்தான். கலை நுட்பத்தில் கேட்டால் விடை கோகல்தான், அதில் எனக்கு ஐயமில்லை. மத்தவிலாசத்தின் நடுப்பகுதியில் விவாதம் ஒரே இடத்தில் சுற்றுகிறது.

சுற்றினாலும் நல்ல காட்சி ஒன்றைத் தருகிறது. தேவசோமை ஆத்திரத்தில் பிக்குவின் தலைமயிரைப் பிடித்து இழுக்கப் பாய்கிறாள். மொட்டைத்தலையில் பிடிக்க என்ன இருக்கிறது? நிலைதடுமாறி விழுகிறாள். தலையை மழிக்கச் சொன்ன புத்தரின் முன்யோசனையே யோசனை என்று பிக்கு உள்ளூர மகிழ்ந்து, கைகொடுத்துத் தூக்குகிறான். உடனே கபாலி, பார்த்தீர்களா, என் துணைவியின் கரம் பற்றுகிறான் என்று ஊரைக் கூட்டுகிறான். இரக்கம் காட்டினாலும் குற்றம்.

முடிச்சு அவிழும் விதத்தில் இரு நாடகங்களும் மறுபடி உறவாகின்றன. சமயவாதி தீர்க்கவில்லை, நடுவர் தீர்க்கவில்லை, நீதிமன்றம் கூடவே இல்லை. நாயின் வாயிலிருந்து மண்டையோட்டைப் பிடுங்கிய ஒரு பித்தன் வந்து தீர்க்கிறான். ரஷ்ய ஊரிலும் எந்தச் சட்டமும் ஹ்லெஸ்தகோவின் சாயத்தை வெளுக்கவில்லை. பிறர் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் கெட்ட பழக்கமுள்ள அஞ்சலக அதிகாரி ஷ்பேகின், வழக்கம்போல் ஒன்றைப் பிரித்ததால் வெளுக்கிறது. அங்கே பித்து உண்மையைக் கொண்டுவருகிறது, இங்கே குற்றம் உண்மையைக் கொண்டுவருகிறது. ஒழுங்கான வழியில் உண்மை வந்துசேரும் சமூகம் இரண்டிலும் இல்லை.

முடிவு மட்டும் இரு துருவம். கலம் கிடைத்ததும் கபாலி பிக்குவிடம் மன்னிப்புக் கேட்கிறான், பகை கரைகிறது, எல்லாரும் வாழ்த்திப் பிரிகிறார்கள். வடமொழி நாடக மரபு மங்கலமாக முடியச் சொல்கிறது, முடிகிறது. கோகலில் உண்மையான ஆய்வாளர் வந்திருக்கிறார் என்ற ஒரு வாக்கியம் விழுந்ததும் மேடையில் இருக்கும் அத்தனை பேரும் கல்லாகிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் அப்படியே நிற்க வேண்டும் என்பது ஆசிரியரின் மேடைக்குறிப்பு. நடிகர்கள் பலர் அந்த நேரத்தைச் சுருக்கிவிடுவதற்குக் காரணம் உண்டு. கடிகாரத்தை வைத்து நின்று பாருங்கள், தொண்ணூறு நொடி மௌனம் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

கடைசியாக ஒன்று. இரண்டு பகடிகளும் பிற்காலத்தில் பக்தியின் பக்கம் போயின. காஞ்சியிலிருந்து மறைந்த மத்தவிலாசம் கேரளத்துக் கோயில் கூத்தர்களான சாக்கியார்களின் கையில் பிழைத்தது. கள்ளுண்ட கபாலியின் கதை அங்கே சிவன் கோயில்களில் பிள்ளைப்பேறு வேண்டி நடத்தும் வழிபாட்டுக் கூத்தாகிவிட்டது. ரஷ்யாவில் அந்த மாற்றத்தை ஆசிரியரே செய்யப் பார்த்தார். 1846இல் கோகல் ஒரு விளக்கம் எழுதினார்: அந்த நகரம் நம் ஆன்மா, அதிகாரிகள் நம் தீய குணங்கள், இறுதியில் வரும் ஆய்வாளர் மனசாட்சி. காஞ்சி அரசனால் சாக்கியார்களிடம் பேச முடியவில்லை. ரஷ்ய ஆசிரியருக்கு மட்டும் மறுப்புக் கிடைத்தது. மாஸ்கோவில் நகர அதிகாரியாக நடித்த ஷெப்கின், இத்தனை ஆண்டுகள் இந்த அதிகாரிகளோடு உயிருள்ள மனிதர்களாகப் பழகிவிட்டேன், இவர்களைக் குணங்களாக மாற்றி என்னிடமிருந்து பறிக்காதீர்கள் என்று கோகலுக்குக் கடிதம் எழுதினார்.